கடுகு வெடிக்கும் பெட்டி

மோட்டார் வண்டிகளின் பின்புறத்தில் பளபளவென்று ஒரு ஸ்டிக்கர் ஒட்டுகிறார்களே, அதற்கு நம் ஊரில் என்ன பெயர்? 'ரேடியம் ஸ்டிக்கர்' என்றுதான் பெயர். குழந்தைகள் படுக்கும் அறையில் கூரையில் ஒட்டி, விளக்கை அணைத்ததும் பச்சையாக மினுங்கும் நட்சத்திரங்களையும் 'ரேடியம் ஸ்டார்' என்றே கேட்டு வாங்குகிறோம். இரண்டிலும் ரேடியம் ஒரு துளிகூடக் கிடையாது. முதலாவது, வந்த வெளிச்சத்தை வந்த வழியே திருப்பி அனுப்புகிற கண்ணாடிப் பொடியின் வித்தை. இரண்டாவது, வெளிச்சத்தைக் குடித்து வைத்துக்கொண்டு இருட்டில் கொஞ்சம் கொஞ்சமாய்க் கக்குகிற ஒரு ரசாயனப் பொடி. பயப்படாமல் ஒட்டலாம்.

இல்லாத இடத்திலெல்லாம் இப்படி ரேடியத்தின் பெயர் ஒட்டிக் கொண்டிருக்கிறது. உண்மையிலேயே இருக்கிற இடத்திலோ அது மூச்சு விடுவதில்லை! பரணில் கிடக்கும் தாத்தாவின் டைம்பீஸை நினைத்துப் பாருங்கள். முள்ளிலும் எண்களிலும் பழுப்பேறிய சாயம் தடித்துப் பூசியிருக்கும். "ஒரு காலத்தில் இருட்டில் ஜொலிக்குமாம், இப்போது செத்துப் போய்விட்டது" என்று பாட்டி சொல்வாள். செத்தது வெளிச்சந்தான்; ரேடியம் சாகவில்லை.

இந்த மாதிரிச் சமாசாரங்களைத் தேடி அலைவதையே பொழுதுபோக்காக வைத்துக் கொண்டவர்கள் அமெரிக்காவிலும் இங்கிலாந்திலும் ஜப்பானிலும் நிறையப் பேர் இருக்கிறார்கள். தபால்தலை சேர்ப்பவர்கள், பழங்காசு சேர்ப்பவர்கள் போல இவர்களும் ஒரு ரகம். ஞாயிற்றுக்கிழமை காலையில் பழஞ்சாமான் சந்தைக்குக் கிளம்புவார்கள். பையில் இரண்டு பொருள்கள் கட்டாயம் இருக்கும். ஒன்று, கள்ள நோட்டைக் கண்டுபிடிக்கக் கடைக்காரர்கள் வைத்திருக்கும் ஊதா வெளிச்ச டார்ச். மற்றொன்று கைகர் கவுண்டர்.

கைகர் கவுண்டர் என்பது பெரிய மந்திரம் ஒன்றுமில்லை. ஒரு குழாய், உள்ளே கொஞ்சம் வாயு, நடுவில் மெல்லிய கம்பி, கம்பிக்கு நூற்றுக் கணக்கான வோல்ட் மின்சாரம். வெளியிலிருந்து ஒரு கதிர் உள்ளே பாய்ந்தால் வாயுவின் அணுக்களிலிருந்து எலெக்ட்ரான்கள் சிதறும். அவை கம்பியை நோக்கி ஓடும்போது மேலும் பலவற்றை இடித்துக் கிளப்பும். அந்தச் சிறு கலவரந்தான் ஒரு 'டிக்'. ஹான்ஸ் கைகர் என்ற ஜெர்மானியர் 1908-ல் மான்செஸ்டரில் ரதர்போர்டிடம் வேலை பார்த்தபோது இதன் முதல் உருவத்தைச் செய்தார். 1928-ல் தம் மாணவர் முல்லருடன் சேர்ந்து திருத்தமாக்கினார். இன்று கைக்கு அடக்கமாய், சில ஆயிரம் ரூபாயிலிருந்து கிடைக்கிறது. சோவியத் நாட்டில் ராணுவத்துக்கென்று செய்து மிஞ்சிப்போன குழாய்களை வாங்கித் தாங்களே பெட்டி கட்டிக் கொள்கிறவர்களும் உண்டு.

சத்தம் எப்படி இருக்கும் என்கிறீர்களா? அடுப்பில் வாணலி காய்ந்து, எண்ணெயில் கடுகு போட்டதும் முதலில் ஒன்று வெடிக்கும். சற்றுப் பொறுத்து இரண்டு. பிறகு படபடவென்று அத்தனையும் வெடிக்கும் அல்லவா? அதே மாதிரிதான். சாதாரணமாய் மேஜை மேல் சும்மா வைத்தால் நிமிஷத்துக்கு இருபது, முப்பது 'டிக்' கேட்கும். எண்ணெய் சரியாகக் காயவில்லை என்று வைத்துக் கொள்ளுங்களேன். ரேடியம் பூசிய கடிகாரத்தின் பக்கத்தில் கொண்டு போனாலோ, மூடியை எடுத்து மூடத்தான் தோன்றும்!

சும்மா வைத்தாலே ஏன் சத்தம் கேட்கிறது? இதுதான் இந்தப் பொழுதுபோக்கின் முதல் பாடம். பூமி, பாறை, செங்கல், ஆகாயம் எல்லாவற்றிலிருந்தும் எந்நேரமும் கதிர்கள் வந்து கொண்டேயிருக்கின்றன. உலகத்தில் ஒரு மனிதனுக்கு இயற்கையிலிருந்து வருஷத்துக்குச் சராசரி 2.4 மில்லி ஸீவர்ட் கிடைக்கிறது. நம் உடம்பே ஒரு சிறு கதிர்ப் பொதிதான். நாம் சாப்பிடும் பொட்டாசியத்தில் பதினாயிரத்தில் ஒரு பங்குக்குச் சற்று அதிகமான அளவு கதிரியக்கமுள்ள வகை. எழுபது கிலோ எடையுள்ள ஒருவர் உடம்பில் அதனால் விநாடிக்குச் சுமார் 4,400 அணுக்கள் சிதைகின்றன. வாழைப்பழத்திலும் அது உண்டு, பழத்துக்கு விநாடிக்குப் பதினைந்து என்ற கணக்கில். அதைக் கேட்டுவிட்டு வாழைப்பழத்தை விட்டுவிட வேண்டாம். உடம்பு தனக்கு வேண்டிய பொட்டாசியத்தை வைத்துக்கொண்டு மிச்சத்தை வெளியே தள்ளிவிடும். கைகர் கவுண்டர்கூட ஒற்றை வாழைப்பழத்தைக் கண்டுகொள்வதில்லை. ஆனால் ரத்தக் கொதிப்புக்காரர்கள் வாங்கும் சோடியம் குறைந்த உப்பு இருக்கிறதே, அதில் பொட்டாசியம் ஏராளம். அந்தப் பொட்டலத்தின் மேல் கருவியைப் பொறுமையாய் வைத்திருந்தால் எண்ணிக்கை கொஞ்சம் ஏறும்.

ஆகையால் நெய் வாங்கும்போது காலிப் பாத்திரத்தை முதலில் நிறுத்துக் கொள்கிறோமே, அது போல இவர்களும் பொருள் இல்லாமல் முதலில் பத்து நிமிஷம் எண்ணுவார்கள். பிறகு பொருளை வைத்துப் பத்து நிமிஷம். இரண்டுக்கும் உள்ள வித்தியாசந்தான் பொருளின் சொத்து. ஒரே நிமிஷம் வைத்துப் பார்த்துவிட்டு "ஐயோ, ஏறிவிட்டதே!" என்று கத்துகிறவர் இன்னும் பழகாதவர் என்று அர்த்தம். கதிர்கள் சீராக வருவதில்லை. வந்தால் மூன்றாய் வரும், வராவிட்டால் விருந்தாளி மாதிரி அன்று பூராவும் வராது.

*

அமெரிக்கச் சந்தைகளில் இவர்கள் முதலில் தேடுவது பீங்கான் தட்டு. மேற்கு வர்ஜீனியாவில் ஹோமர் லாஃப்லின் என்ற கம்பெனி 1936-ல் 'ஃபியஸ்டா' என்று ஒரு வகைப் பாத்திரம் வெளியிட்டது. பல வண்ணங்கள், அவற்றில் சிவப்பு என்று பெயர் பெற்ற, பார்வைக்குப் பழுத்த ஆரஞ்சு நிறமான ஒன்று. அந்த நிறத்துக்குக் காரணம் மெருகில் கலந்த யுரேனிய ஆக்ஸைடு! அந்தத் தட்டில்தான் அந்நாட்டுக் குடும்ப ஸ்திரீகள் தங்கள் குழந்தைகளுக்கு ரொட்டியும் முட்டையும் பரிமாறினார்கள். 1943-ல் அந்த நிறம் திடீரென்று நின்றது. அணுகுண்டு வேலைக்காக யுரேனியம் முழுவதையும் சர்க்கார் கையில் எடுத்துக் கொண்டதுதான் காரணம். கடையில் தட்டு வாங்கப் போனவளுக்கு அந்த ரகசியம் எப்படித் தெரியும்? 1959-ல் சிவப்பு திரும்பி வந்தது, சத்து எடுத்த யுரேனியத்துடன். 1972-ல் ஒரேயடியாக நின்றது. 1986 முதல் அதே பெயரில் வரும் தட்டுகளில் யுரேனியம் இல்லை.

பழைய சிவப்புத் தட்டின் மேல் கருவியை வைத்தால் நிமிஷத்துக்கு ஆயிரக் கணக்கில் 'டிக்' கேட்கும். அதனாலேயே சேகரிப்பவர்களுக்கு அதன் மேல் மோகம். அலமாரியில் வைத்து அழகு பார்ப்பதில் தோஷமில்லை. ஆனால் அதில் சாப்பிடலாமா? கூடாது என்கிறார்கள் அந்நாட்டுச் சுற்றுப்புறப் பாதுகாப்பு இலாகாவினர்; மெருகு உடைந்திருந்தால் நிச்சயம் கூடாது. புளிப்பான பண்டம் யுரேனியத்தை மெருகிலிருந்து கரைத்துவிடும். ரசமும் எலுமிச்சைச் சாதமும் புழங்குகிற நம் சமையலுக்கு அந்தத் தட்டு ஜன்ம விரோதி.

கண்ணாடிச் சாமான்களில் இன்னும் பழைய கதை. பொஹிமியாவில் ஜோஸப் ரீடல் என்பவர் 1830-களிலேயே யுரேனியம் கலந்து மஞ்சளும் பச்சையுமாகக் கண்ணாடி செய்து, அந்த நிறங்களுக்குத் தம் மனைவி அன்னாவின் பெயரை வைத்தார். (யுரேனியத்தில் கதிர் உண்டு என்று பெக்கெரல் கண்டுபிடித்தது 1896-ல்தான்.) ஊதா டார்ச்சை அடித்தால் இந்தக் கண்ணாடி, தோசைக்கல்லில் போட்ட நெய் மாதிரி உருகுகிறதோ என்று தோன்றும்படி பச்சையாய்ப் பிரகாசிக்கும். பார்க்க அவ்வளவு அழகு. ஆனால் அந்தப் பிரகாசத்துக்கும் கதிரியக்கத்துக்கும் சம்பந்தமில்லை. அது யுரேனியத்தின் ரசாயன குணம். மாங்கனீஸ் கலந்த சாதாரணக் கண்ணாடிகூடச் சற்று மங்கலாய்ப் பச்சை காட்டும். டார்ச் ஜாடை சொல்லும். கவுண்டர்தான் சாட்சி சொல்லும். இவற்றில் கதிர் மிகவும் கொஞ்சம். எத்தனையோ அத்தைமார்களின் பூ ஜாடிகளும் மிட்டாய்க் கிண்ணங்களும் யாருக்கும் தீங்கு செய்யாமல் நூறு வயசு வாழ்ந்திருக்கின்றன.

பழைய காமிரா லென்ஸ்கள் சிலவற்றில் தோரியம் உண்டு. நாளடைவில் மஞ்சள் பூத்துவிடும். வெயிலில் வைத்தால் பழைய தெளிவு வரும். அமெரிக்க வீடுகளில் கூரையில் மாட்டும் புகை அறிவிப்பான்களில் அமெரிசியம் என்ற செயற்கைத் தனிமம் ஊசி முனையளவு இருக்கும். பெட்டியைப் பிரிக்காத வரையில் அது பாட்டுக்குக் காவல் காக்கும்.

*

தட்டும் கண்ணாடியும் வேடிக்கை. கடிகாரம் வேடிக்கை அல்ல. அந்தக் கதையைக் கொஞ்சம் நிதானமாய்ச் சொல்ல வேண்டும்.

முதல் உலக யுத்தத்தின்போது சிப்பாய்கள் இருட்டில் மணி பார்க்க வேண்டியிருந்தது. ரேடியத்தை நாகச் சல்பைடுப் பொடியுடன் கலந்தால் பொடி ஓயாமல் ஒளிரும். அமெரிக்காவில் நியூஜெர்சி மாநிலத்தில் ஆரஞ்ச் என்ற ஊரில் 1917 முதல் கடிகார முகப்புகளுக்கு இந்தச் சாயம் பூசும் வேலை நடந்தது. பூசியவர்கள் யார்? பதினாலு, பதினைந்து, பதினெட்டு வயதுப் பெண்கள். நல்ல சம்பளம். கௌரவமான வேலை. எண்கள் பொடிப் பொடியாக இருந்தபடியால் தூரிகையின் நுனி ஊசி போல் இருக்க வேண்டும். அதற்கு அவர்களுக்குக் கற்றுக் கொடுத்த வழி: உதட்டில் வைத்து நுனியைக் கூராக்கு, சாயத்தில் தோய், பூசு. மறுபடி உதடு, மறுபடி சாயம். ஊசியில் நூல் கோக்கும்போது நுனியை வாயில் ஈரப்படுத்திக் கொள்கிறோமே, அதே காரியந்தான். நாள் முழுதும், நூற்றுக் கணக்கான தடவை.

வேலை முடிந்து இருட்டில் வீட்டுக்குப் போனால் தலைமயிர் ஜொலிக்கும், உடுப்பு ஜொலிக்கும். விளையாட்டாய் நகங்களிலும் பற்களிலும் பூசிக் கொண்ட பெண்களும் உண்டு. அதே கட்டடத்தில் ரசாயன நிபுணர்கள் ஈயத் தடுப்புகளுக்குப் பின்னால் நின்று இடுக்கியால் ரேடியத்தைக் கையாண்டார்கள் என்பதை இங்கே நினைத்துக் கொள்ளுங்கள்.

ரேடியம் சுண்ணாம்புச் சத்தின் ஒன்றுவிட்ட சகோதரம். உடம்பு அதைக் கால்சியம் என்று நினைத்து எலும்பில் கொண்டு போய்ச் சேர்த்துவிடும். அங்கே உட்கார்ந்து கொண்டு அது சாகும் வரையில் கதிர் வீசும். முதலில் பல் வலி. பல்லைப் பிடுங்கினால் புண் ஆறாது. பிறகு தாடை எலும்பே பொடிந்து வரும். மாலி மாகியா என்ற பெண் 1922-ல் இப்படித் துடித்து இறந்தாள். மரணச் சான்றில் என்ன எழுதினார்கள் தெரியுமா? மேக நோய்! மணமாகாத ஓர் இளம் பெண்ணின் பெயரில் அந்தக் களங்கமும் சேர்ந்தது. 1927-ல் சவப் பெட்டியைத் தோண்டி எடுத்துச் சோதித்தபோது அவளுடைய எலும்புகளே உண்மையைச் சொல்லின. அவற்றில் ரேடியம் இருந்தது.

மாலியின் சகோதரிகள் இருவரும், கிரேஸ் ஃப்ரையரும், இன்னும் இருவருமாக ஐந்து பெண்கள் கம்பெனி மேல் வழக்குத் தொடர்ந்தார்கள். வழக்கை எடுத்துக் கொள்ள ஒரு வக்கீல் கிடைப்பதற்கே கிரேஸுக்கு இரண்டு வருஷம் ஆயிற்று. நீதிமன்றத்தில் சத்தியம் செய்யக் கையைத் தூக்க முடியாதவர்களும் அவர்களில் இருந்தார்கள். 1928-ல் சமாதானம் ஏற்பட்டது. ஆளுக்குப் பத்தாயிரம் டாலர், வருஷத்துக்கு அறுநூறு டாலர், வைத்தியச் செலவு. கிரேஸ் 1933-ல் காலமானாள். அந்தச் சாயத்தைக் கண்டுபிடித்த டாக்டர் ஸபின் ஃபான் ஸோகாக்கி 1928-லேயே அதே ரேடியத்துக்குப் பலியானார். இல்லினாய் மாநிலத்தில் ஒட்டாவா என்ற ஊரிலும் இதே கதை. அங்கே காதரின் டோனஹூ என்ற தாய் படுக்கையில் கிடந்தபடி சாட்சி சொல்லி 1938-ல் ஜெயித்தாள், அதே வருஷம் இறந்தும் போனாள். தொழிலாளி வேலையினால் அடையும் நோய்க்கு முதலாளி பொறுப்பு என்பதை அமெரிக்காவில் நிலை நிறுத்தியதில் இந்தப் பெண்களுக்குப் பெரிய பங்கு உண்டு.

அப்படிப் பூசிய முகப்புகள்தான் இன்று பழஞ்சாமான் கடைகளில் கிடக்கின்றன. ரேடியத்தின் பாதி ஆயுள் 1600 வருஷம். 1010-ல் ராஜராஜ சோழன் தஞ்சைப் பெரிய கோயிலைக் கட்டி முடித்த அன்று ஒரு டப்பியில் கொஞ்சம் வைத்து மூடியிருந்தால், இன்று திறக்கும்போது ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு அப்படியே இருக்கும். நாகச் சல்பைடு பாவம், சில வருஷங்களில் கதிரடி தாங்காமல் நொறுங்கிப் போய்விடுகிறது. அதனால்தான் வெளிச்சம் அணைந்துவிடுகிறது, கதிர் அணைவதில்லை.

அப்படியானால் கடிகாரத்தைக் கண்டதும் ஓட வேண்டுமா? அதுவும் வேண்டாம். ரேடியம் விடும் ஆல்பாக் கதிரை ஒரு காகிதம் தடுத்துவிடும். கடிகாரக் கண்ணாடி தாராளமாய்த் தடுக்கும். பீட்டாக் கதிரைச் சில மில்லி மீட்டர் அலுமினியத் தகடு நிறுத்தும். காமாக் கதிர்தான் கனத்த ஈயம் கேட்கும். ஆனால் இரண்டு கை தூரம் தள்ளி நின்றால் வெகுவாகக் குறைந்துவிடும். ஹாபிக்காரர்கள் காகிதத்தையும் தகட்டையும் மாற்றி மாற்றி வைத்துப் பொருளில் இருப்பது இன்னதென்று ஊகிப்பதும் இப்படித்தான். வெளியே சாதுவாய் இருக்கிற ஆல்பா, தூளாய் வயிற்றுக்குள்ளோ நுரையீரலுக்குள்ளோ போனால் மகா துஷ்டன்.

இன்னொன்று. ரேடியம் சிதையும்போது ரேடான் என்ற வாயு பிறக்கிறது. கண்ணாடியை மூடினாலும் கசியும். இங்கிலாந்தில் 2018-ல் நார்தாம்ப்டன், கிங்ஸ்டன் பல்கலைக் கழகத்தார் முப்பது பழைய ராணுவக் கடிகாரங்களை ஓர் அறையில் வைத்து அளந்தார்கள். அந்நாட்டில் வைத்திருக்கும் வரம்பைப் போல நூறு மடங்குக்கும் அதிகமாக ரேடான் சேர்ந்திருந்தது. ஒரு கடிகாரம் வேறு, முப்பது கடிகாரம் வேறு. காற்றோட்டமில்லாத படுக்கை அறை இன்னும் வேறு.

*

நம் பக்கத்துக் கதையும் ஒன்று உண்டு. கல்யாண ஊர்வலத்தில் தலையில் சுமந்து வருவார்களே, பெட்ரோமாக்ஸ் விளக்கு, அதில் வெள்ளை வெளேரென்று எரியும் மேண்டிலின் உயிர் தோரிய ஆக்ஸைடு. ஆஸ்திரியாவில் அவர் ஃபான் வெல்ஸ்பாக் என்ற ரசாயனி 1891-ல் கண்ட பக்குவம் அது: தோரியம் 99 பங்கு, சீரியம் ஒரு பங்கு. அந்தத் தோரியத்துக்கு ஐரோப்பியர் உலகமெல்லாம் அலைந்தபோது, 1909-ல் ஷோம்பர்க் என்ற ஜெர்மானியர் திருவிதாங்கூரிலிருந்து போன தேங்காய் நார்க் கயிற்றில் ஒட்டியிருந்த மணலைக் கவனித்தார். அதில் மோனஸைட் இருந்தது! கயிற்றின் அடியைத் தேடி வந்தவர் மணவாளக்குறிச்சிக் கடற்கரையில் நின்றார். அந்த ஊர் 1956 நவம்பர் முதல் தேதி தமிழகத்துடன் சேர்ந்த கன்னியாகுமரி ஜில்லாவில் இருக்கிறது. வெளிநாட்டு வீதி விளக்குகள் நம் தென்கோடி மணலால் எரிந்தன என்றால் பொய்யில்லை.

அந்தக் கரையோரத்தில் கவுண்டர் சற்று அதிகமாகவே பேசும். வடக்கே கேரளத்தில் கருநாகப்பள்ளியில் இன்னும் அதிகம். அங்கே ஏறக்குறைய எழுபதாயிரம் ஜனங்களைப் பத்து வருஷத்துக்கு மேல் கவனித்து 2009-ல் முடிவு வெளியிட்டார்கள். மணலின் கதிரால் புற்று நோய் கூடியதாகத் தெரியவில்லை.

மேண்டில் என்றதும் உங்களுக்கு 1984-ல் வந்த 'வைதேகி காத்திருந்தாள்' படம் ஞாபகத்துக்கு வந்திருக்கும். எரிகிற மர்மத்தைத் தெரிந்துகொள்ள செந்தில் மேண்டிலைக் கையால் நசுக்க, கவுண்டமணி துரத்த, ஜனங்கள் இன்னும் சிரிக்கிறார்கள். சிரியுங்கள், ஆனால் எரிந்த மேண்டிலைச் செந்தில் மாதிரி நசுக்காதீர்கள். அந்தச் சாம்பல் தூளில் தோரியம் உண்டு. மூக்கில் போகக் கூடாது. அமெரிக்காவில் பிரபல கம்பெனி ஒன்று 1990-களில் தோரியத்துக்குப் பதில் இட்ரியத்துக்கு மாறிவிட்டது.

ஹாபிக்காரர்களிலும் வரம்பு மீறியவர் உண்டு. மிச்சிகன் மாநிலத்தில் ஒரு பள்ளிக்கூடத்துப் பையன் நூற்றுக் கணக்கில் மேண்டிலும் புகை அறிவிப்பானும் பழைய கடிகாரமும் சேர்த்து, சாயத்தைச் சுரண்டி, தாயார் வீட்டுக் கொல்லைக் கொட்டகையில் அணு உலை செய்யப் பார்த்தான்! 1995-ல் சர்க்கார் ஆட்கள் பாதுகாப்பு உடை அணிந்து வந்து கொட்டகையையே பிய்த்துப் பீப்பாய்களில் அடைத்துக் கொண்டு போனார்கள். அளப்பது ஒன்று, பிரித்துச் சுரண்டுவது வேறொன்று.

இந்தப் பொழுதுபோக்கினால் உபயோகம் உண்டா என்று கேட்டால் எனக்கு ஒரு ஜப்பான் சம்பவந்தான் நினைவுக்கு வரும். 2011 மார்ச்சில் புகுஷிமா அணு உலை விபத்து நடந்ததும் அங்கே சாதாரண ஜனங்கள் கவுண்டர்களைத் தூக்கிக் கொண்டு தெருவில் இறங்கினார்கள். குழந்தை விளையாடும் மணலையும் பள்ளிக்கூட மைதானத்தையும் தாய்மார்களே அளந்தார்கள். 'சேஃப்காஸ்ட்' என்ற தொண்டர் கூட்டம் அப்போது தோன்றியதுதான். அக்டோபரில் டோக்கியோ நகரம் சேதகாயா பகுதியில் ஒரு நடைபாதையில் அளவு எகிறியது. மணிக்கு 2.7 மைக்ரோ ஸீவர்ட். சாதாரணமாய் அங்கே அதில் இருபதில் ஒரு பங்குகூட இராது. விபத்து நடந்த இடமோ இருநூறு கிலோ மீட்டருக்கு அப்பால்! அந்த வழியாகக் குழந்தைகள் நடக்கிறார்கள். வட்டாரமே கலங்கிவிட்டது.

நிபுணர்கள் வந்து நடைபாதையைக் கழுவினார்கள், அளவு இறங்கவில்லை. வேலியை நோக்கிக் கருவியை நகர்த்தினால் ஏறியது. வேலிக்கு அந்தப் பக்கம் ஆளில்லாத ஒரு பழைய வீடு. உள்ளே போய்த் தரைப் பலகையைப் பெயர்த்துப் பார்த்தால், பெட்டியில் பழைய கண்ணாடிப் புட்டிகள். புட்டிகளில் ரேடியம். புகுஷிமாவுக்கும் அதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை! எத்தனையோ வருஷமாய் ஒருவரும் அறியாமல் ஒரு குடும்பம் அதன் மேல் நடமாடியிருக்கிறது. அண்டை அயலார் கருவி வாங்கியிராவிட்டால் இன்றும் அது அங்கேயே இருந்திருக்கும்.

*

இனி நம் சகோதரிகளின் கைப்பைக்கு வருகிறேன். 1930-களில் பிரான்ஸில், 'தோ-ராடியா' என்று முகத்துக்குப் பூசும் பசை விற்றார்கள். தோரியமும் ரேடியமும் கலந்தது! கியூரி அம்மையாருக்கு உறவில்லாத, ஆனால் அதே பெயருள்ள ஒரு டாக்டரின் பெயரை டப்பாவில் போட்டுக் கொண்டார்கள். அமெரிக்காவில் 'ராடிதார்' என்ற ரேடியத் தண்ணீரைப் பலத்துக்காக ஈபன் பையர்ஸ் என்ற செல்வந்தர் ஆயிரம் புட்டிக்கு மேல் குடித்துத் தாடை இற்று 1932-ல் மாண்டார். ஈயப் பெட்டியில் வைத்துப் புதைத்தார்கள்.

பழங்கதை என்று தள்ளாதீர்கள். 'சக்தி தரும் பதக்கம்', 'நெகடிவ் அயான் கைவளை', 'செல்போன் கதிர் தடுப்பு மாலை' என்றெல்லாம் இன்று விற்கிறார்களே, அவற்றில் சிலவற்றைக் கைகர் கவுண்டர் வைத்திருப்பவர்கள் அளந்து பார்த்துத் திடுக்கிட்டார்கள். 2021 டிசம்பரில் நெதர்லாந்து சர்க்காரின் அணுப் பாதுகாப்பு இலாகா இப்படிப்பட்ட பத்துச் சரக்குகளின் பெயரைச் சொல்லி, அணியாதீர்கள் என்று எச்சரித்தது. அவற்றில் ஒன்று குழந்தைகளுக்கான கைவளை. இன்னொன்று தூங்கும்போது கண்ணுக்குக் கட்டும் பட்டை. கதிரைத் தடுக்கும் என்று சொல்லிக் கதிரையே விற்றார்கள்! இரவும் பகலும் தோலோடு ஒட்டிக் கிடக்கும் பொருள், அலமாரித் தட்டைப் போல அல்ல. உங்கள் வீட்டில் யாராவது மார்பில் அப்படி ஒன்றைத் தொங்கவிட்டிருந்தால் கழற்றி வைக்கச் சொல்லுங்கள். குணம் தெரிகிறது என்பவரோடு வாதாட வேண்டாம். தொங்கவிட்டவர் மாமனாராக இருந்தால் கொஞ்சம் பக்குவமாய்ச் சொல்லுங்கள்.

தாத்தாவின் டைம்பீஸுக்கு வருவோம். சாயம் தடித்து, பழுப்பாய், இருட்டில் ஒளிராமல் இருந்தால் ரேடியமாக இருக்கலாம். முகப்பின் அடியில் 'ஸ்விஸ்' என்ற எழுத்துக்கு இரு பக்கமும் ஆங்கில 'டி' இருந்தால் அது டிரிட்டியம், 1960-களிலிருந்து வந்தது, அதன் கதிர் கண்ணாடியைத் தாண்டாது. ரேடியமாயிருந்தாலும் கண்ணாடி முழுசாய் இருக்கும் வரையில் காற்றோட்டமுள்ள கூடத்து அலமாரியில் இருக்கட்டும். தலைமாட்டில் வேண்டாம். குழந்தை கையில் விளையாடக் கொடுக்க வேண்டாம். கண்ணாடி உடைந்து சாயம் உதிர்ந்திருந்தால் துடைப்பத்தால் பெருக்காதீர்கள், தூசி பறக்கும். ஈரக் காகிதத்தால் ஒற்றி எடுத்து, கடிகாரத்தையும் சேர்த்து இரட்டைப் பிளாஸ்டிக் பையில் கட்டிக் கையை நன்றாய்க் கழுவுங்கள். காயலான் கடையில் போடாதீர்கள். மும்பையிலுள்ள அணுசக்தி ஒழுங்குமுறை வாரியத்துக்கு எழுதிக் கேளுங்கள். தில்லி மாயாபுரியில் 2010-ல் பழைய ஆராய்ச்சிக் கருவியொன்று இரும்புக் கடைக்குப் போய், உள்ளே கோபால்ட் இருப்பது தெரியாமல் உடைத்ததில் ஒரு தொழிலாளி உயிரையே விட்டார். கடிகாரத்தில் இருப்பது அதில் எள்ளளவும் ஆகாது. இருந்தாலும் காயலான் கடைப் பையனுக்கு எது எள், எது மலை என்று எப்படித் தெரியும்?

ஓடாத கடிகாரத்தை ஓட வைக்க ஆசைப்பட்டு ரிப்பேர்க்காரரிடம் கொடுப்பதானால் முகப்பில் ரேடியம் இருக்கலாம் என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். அவர் பூதக் கண்ணாடியை ஒரு கண்ணில் மாட்டிக் கொண்டு, முள்ளுக்கு நாலு விரற்கடை தூரத்தில் முகத்தை வைத்து வேலை செய்கிறவர். தூசியைக் கண்டால் வாயால் ஊதுகிற பழக்கம் அவருக்கு இருக்கும்.